சிலையும் குறிப்பும் – சித்தூர் வட்டாரக் காட்சிக்கூடங்களை முன்வைத்துச் சில செய்திகள்

சங்க மலருக்கு இந்த ஆண்டும் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கடைக்கே வந்து கேட்டார். "நயினார், போன தடவை முழுக்கக் கல்வெட்டா எழுதிட்டீங்க. இந்தத் தடவை வீட்டுப் பொம்பளைங்களும் பசங்களும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார். முயன்று பார்க்கிறேன். கல்வெட்டு இல்லாமல் எழுத எனக்கு வராது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1981இல் சித்தூருக்கு வந்தவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அன்று முதல் பாத்திர வியாபாரம். எனவே அருங்காட்சியகம் என்றால் மற்றவர்கள் சிலையைப் பார்ப்பார்கள். நான் முதலில் அலமாரியைப் பார்ப்பேன். பழக்கதோஷம். பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் விளக்குப் போட வேண்டும், எவர்சில்வருக்கு வெள்ளை விளக்குப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டும் அழுக்காகத் தெரியும். அண்டா, தவலை எல்லாம் மேல் தட்டில் இருக்கலாம், அவை தூரத்திலிருந்தே கண்ணில் படும். சொம்பும் டம்ளரும் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். கீழ்த் தட்டில் வைத்த சரக்கு ஆடி வந்தாலும் போகாது, ஏனென்றால் யாரும் குனிய மாட்டார்கள். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை, நாற்பது வருட வியாபாரம் சொல்லித் தந்தது.

பொருளை எடுத்து வைக்கும் முறையே பாதி வரலாறு என்பது என் எண்ணம். மீதிப் பாதி, அதன் அருகே எழுதி வைக்கும் நான்கு வரி. அந்த இரண்டையும் செய்கிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பாறையில் எழுதிய லேபிள்

சித்தூருக்குத் தென்கிழக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வள்ளிமலை. இன்று வேலூர் மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிவதற்கு முன்பு இவை எல்லாம் ஒரே வட ஆர்க்காடு. சித்தூர்தான் அதன் தலைநகரம். வள்ளிமலை என்றால் நம்மவர்களுக்கு முருகன் நினைவுதான் வரும், அது சரியே. அதே மலையில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும் சமணக் குகையும் இருக்கின்றன. அவற்றின் அருகே சிறிய கல்வெட்டுகள் உள்ளன. மொழி கன்னடம். கங்க மன்னன் இராசமல்லன் அந்தப் பள்ளியை ஏற்படுத்தினான் என்று ஒன்று சொல்கிறது. பாண அரசனின் குருவான பவணந்தி, அவருடைய மாணவர் தேவசேனர் என்னும் பெயர்கள் இன்னொன்றில் வருகின்றன. அச்சணந்தி அடிகளின் பெயரும் வருகிறது. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்தார்.

நான் முதல் முறை அங்கே ஏறியபோது என்னைப் பிடித்து நிறுத்தியது உருவங்களின் அழகல்ல, எழுத்தின் அளவுதான். ஒரு வரி, இரண்டு வரி. இது இன்னாருடைய உருவம், செய்வித்தவர் இன்னார், அவருடைய ஆசிரியர் இன்னார். அவ்வளவே! கழுகுமலையிலும் இதே கதை. அங்கே பாறை முழுவதும் வட்டெழுத்தில் நூறு அளவுக்குச் சிறு கல்வெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு திருமேனிக்குக் கீழே ஒரு பெயர், ஓர் ஊர். தாய்க்காகச் செய்தது, மாணவருக்காகச் செய்தது என்று சில. அருங்காட்சியகத்தில் இன்று லேபிள் என்கிறார்களே, அது இதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் சுருக்கமாக எழுதக் கற்றிருந்தார்கள். (என் கட்டுரைகளைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம்.)

திருமலையிலும் இதற்குச் சான்று உண்டு. கோயிலுக்குள் நுழைந்ததும் பிரதிமா மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரும் திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய இரு தேவியரும் கை கூப்பி நிற்கும் செப்புச் சிலைகள். கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியாது, அந்தச் சிலைகளின் தோளிலேயே பெயர் பொறித்திருக்கிறது. லேபிளைச் சிலையிலிருந்து பிரிக்கவே முடியாது. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உண்டா?

இன்னொரு பக்கம், எழுத்து இருந்தும் தீராத வழக்கும் உண்டு. சாமவை என்னும் பல்லவ குலத்து அரசி திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. போக ஸ்ரீநிவாசர் என்று இன்றும் வழிபடப்படுவது அத்திருமேனியே. ஆனால் அதன் காலத்தைச் சிலர் 614 என்றும், சிலர் 966 என்றும் எழுதுகிறார்கள். முந்நூற்றைம்பது ஆண்டு வித்தியாசம்! நூல் எழுதுகிறவர் இரண்டையும் சொல்லிப் பத்துப் பக்கம் வாதாடலாம். பலகை எழுதுகிறவர் ஒரே எண்ணைத்தான் போட முடியும். போட்டுவிட்டால் அதைப் பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் வரலாறு. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாலானவை தமிழ். 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலானோர் உழைப்பில் அவை தொகுதி தொகுதியாக அச்சேறின. அந்தத் தொகுதிகளைப் படித்தவர் எத்தனை பேர், பலகையைப் படித்தவர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

இடம் பெயர்ந்த கல்

பாறைச் சிற்பத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தனிக்கல் சிலையின் விதி வேறு. சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அதன்பின் மாகாணம் முழுவதிலுமிருந்து கல்லும் செம்பும் எழும்பூருக்குப் போயின. போனதில் பிழைத்தவை பல, அதை மறுக்க முடியாது. ஆனால் அமராவதிப் பளிங்குக் கற்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றை வரிசையாகச் சுவரில் வைத்துச் சிமெண்டு போட்டுப் பதித்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான், பார்க்கிறவருக்கு வசதி, திருட்டுப் போகாது. சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறி மேல்தோல் உதிர ஆரம்பித்தது. காட்சிக்கு வைத்த முறையே கல்லைத் தின்றது. பிற்காலத்தில் வந்தவர்கள் அதைச் சரிசெய்யப் பட்ட பாடு பெரிது.

அதே எழும்பூரில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஒன்று ஏற்பட்டது. பரமசிவன் என்னும் அறிஞர், செப்புத் திருமேனிகளில் பச்சை பூத்த நோயை மின்பகுப்பு முறையில் நீக்கிக் காட்டினார். சித்தன்னவாசல் ஓவியங்களின் வண்ணத்தையும் பூச்சையும் ஆராய்ந்தவர் அவரே. சமணனாகிய நான் அவருக்குக் கடன்பட்டவன். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு வெட்கமும் வந்தது. எங்கள் கடையில் பழைய பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருவோம். பழம்பொருளுக்கு அதைச் செய்தால் கொலை. மேலே படிந்த மெல்லிய பூச்சோடு வயதும் போய்விடும், எழுத்து இருந்தால் அதுவும் தேயும். கோயில் விக்கிரகங்களில் எத்தனை பெயர்கள் இப்படிப் புளியில் கரைந்தனவோ!

ஒளியும் அப்படித்தான். ஓலைச்சுவடி, காகிதம், துணி ஆகியவற்றின்மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது உலகம் முழுவதும் காட்சிக்கூடங்களில் கடைப்பிடிக்கும் அளவு. நம் வீட்டுக் கூடத்து டியூப் லைட்டைவிட மங்கல். கல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் கல்லுக்கு நேர் எதிரே விளக்கைப் போட்டால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், சற்று மேலிருந்து சாய்த்துப் போட்டால்தான் இமை, உதடு, தேய்ந்த எழுத்து எல்லாம் எழும்பி வரும். மசியால் கல்வெட்டுப் படியெடுக்கத் தெரியாதவர்கள், சாயங்கால வெயிலில் போய்ப் படிக்கிறார்களே, அதே இரகசியம்தான்.

குனிய மாட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதை ஒருவர் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார். பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலராக இருந்த கில்மன் என்பவர் 1916இல் ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஆளைக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்க்கவும் லேபிளைப் படிக்கவும் அவர் எப்படியெல்லாம் வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்து அச்சிட்டார். முதுகை வளைத்து, மண்டியிட்டு, கழுத்தை நீட்டி... பாவம், கோட்டு சூட்டு போட்ட மனிதர்! பார்வையாளர் சோம்பேறி அல்லர், நாம்தான் அவரைப் பாடாய்ப் படுத்துகிறோம் என்பது கில்மனின் முடிவு. அந்தப் படங்களைக் கண்ட அன்றே என் கடையின் கீழ்த் தட்டைக் காலி செய்துவிட்டேன்.

நம் நாட்டில் இது ஒரு படிப்பாக வளர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு 1960இல் இயக்குநராக வந்தவர் கிரேஸ் மோர்லி என்னும் அமெரிக்க அம்மையார். சான்பிரான்சிஸ்கோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கலை அருங்காட்சியகம் நடத்தியவர். குவித்து வைக்காதே, குறைவாக வை, சுற்றிலும் இடம் விடு என்னும் பாடத்தை இங்கே பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அதற்கு முன்பே, 1958இல், சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். அதன் விளைவாகத்தான் 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் ஏற்பட்டது. நேருவின் மறைவுக்குப் பின் 1965இல் நியூயார்க்கில் திறந்த அவர் வாழ்க்கைக் கண்காட்சியை ஈம்ஸ் தம்பதியரும் அந்தக் கழகத்து இளைஞர்களும் சேர்ந்துதான் அமைத்தார்கள்.

அந்த அறிக்கையை வாங்கிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தியாவில் கண்ட பொருள்களிலேயே மிகச் சிறந்தது, மிக அழகானது என்று அவர்கள் எதைச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? லோட்டாவை. நம்ம சொம்புதாங்க! எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், கழுத்து எவ்வளவு அகலம் இருந்தால் கை நுழைந்து தேய்க்க வரும், ஊற்றும்போது எப்படிச் சாயும் என்றெல்லாம் கேள்வி கேட்டு, இதை எந்த ஒரு மனிதனும் வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறை சேர்ந்து செய்தது என்று முடிக்கிறார்கள். அன்று நான் கிலோ கணக்கில் விற்ற சொம்புகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

இராஜமஹாலில்

நம் வட்டாரத்துக்கு வருவோம். சந்திரகிரிக் கோட்டைக்குள் இராஜமஹால். விஜயநகர அரசின் கடைசிக் காலத் தலைநகரம் அது. சந்திரகிரி அரசுக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் 1639இல் கொடுத்த நிலத்தில்தான் சென்னைக் கோட்டை எழுந்தது. அந்த வகையில் சென்னைக்காரர்கள் எல்லாம் ஒருமுறை இங்கே வந்து போக வேண்டும். மூன்று அடுக்கு மாளிகை. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும், மரமே கிடையாது. 2022 ஏப்ரல் முதல் இது திருப்பதி மாவட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இந்த மாளிகைக்குள்ளேயே இயங்குகிறது. குடிமல்லம், கண்டிக்கோட்டை, நம் சித்தூருக்குப் பக்கத்திலுள்ள யாதமரி ஆகிய ஊர்களிலிருந்து வந்த கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் அங்கே உள்ளன.

அரண்மனையைக் காட்சிக்கூடம் ஆக்குவது சுலபம் என்று நினைக்கிறோம். கடைக்காரனைக் கேளுங்கள், சொல்வான்: அடுத்தவர் கட்டடத்தில் கடை வைப்பதைப் போல் தொல்லை வேறில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தரையைத் தோண்டி வயர் இழுக்கக் கூடாது. எல்லாப் பீடமும் தன் காலில் தானே நிற்க வேண்டும். வளைவுகள் வழியே காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும் வெயில் வந்து விழும். ஆனால் அங்கே ஒரு லாபமும் உண்டு. கட்டடமே முதல் காட்சிப் பொருள். உள்ளே ஒரு சிலைகூட இல்லாவிட்டாலும் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

குடிமல்லத்தின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே மூலவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். ஐந்தடி உயர இலிங்கம், முன்புறம் நிற்கும் உருவம். கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டு என்று பலர் கருதுகிறார்கள். கோபிநாத ராவ் தம் சிற்ப நூலில் எழுதி உலகறியச் செய்தார், 1973இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. தூங்கானை மாட வடிவக் கோயில், தரைக்குக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டிய கருவறை. அங்கே கண்ணாடிப் பெட்டியும் இல்லை, விளக்கு வித்தையும் இல்லை, தேவையும் இல்லை. இறங்கும் படிகளே நம்மைப் பக்குவப்படுத்திவிடுகின்றன. ஒரு பொருளை எப்படி அணுகிப் போகிறோம் என்பதும் காட்சி அமைப்பில் அடக்கம்.

திருப்பதி அலிப்பிரி சாலையில் 1993 முதல் இருக்கும் வட்டார அறிவியல் மையத்தையும் சொல்ல வேண்டும். அங்கே தொடாதே என்பதற்குப் பதில் தொட்டுப் பார், சுற்றிப் பார், இழுத்துப் பார். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால் திரும்பி வர மறுக்கிறார்கள். சிலையைத் தொடவிட முடியாதுதான். ஆனால் அதே கல்லில் ஒரு துண்டு, உளி பட்ட பாதி வேலையோடு, பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லலாமே.

அறுபது வார்த்தை

இனி, என் அனுபவம் ஒன்று. என் தங்கை மகன் பெங்களூரில் இருக்கிறான். காட்சிக்கூடம், பார்வையாளர் மையம் இவற்றுக்கு உள்ளமைப்புச் செய்து தருவது தொழில். சம்பளத்துக்கு அல்ல, தனியாள். ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனி வேறு. குறைந்த விலை கேட்டவருக்கு டெண்டர் போகும். அவர்கள் இவனைக் கூப்பிட்டு வரைபடம், வெளிச்சம், பலகை, எழுத்து எல்லாவற்றையும் செய்யச் சொல்வார்கள். மரவேலைக்காரர், விளக்குக்காரர், அச்சடிப்பவர், மொழிபெயர்ப்பாளர், அதிகாரி, பேராசிரியர் ஆகிய அத்தனை பேரிடமும் பேசி, சண்டை போட்டு, ஒன்று சேர்ப்பவன் இவன். திறப்பு விழாக் கல்வெட்டில் இவன் பெயர் வராது. "சிற்பி பேரு மட்டும் எங்க மாமா இருக்குது?" என்று என்னிடமே திருப்பிக் கேட்பான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் ஒரு பார்வையாளர் மைய வேலை இவனுக்கு வந்தது. எந்த மையம் என்பது வேண்டாம். ஒருநாள் போனில் ஒரு படம் அனுப்பினான். ஓர் ஏரிக்கரையில் கிடைத்த கற்சிலை. அமர்ந்த நிலை, மடியில் கைகள், தலைக்குமேல் நாகம். அவனுக்குக் கொடுத்த பட்டியலில் ‘புத்தர்’ என்று இருந்ததாம். "மாமா, இது நம்ம சாமி மாதிரி இருக்குதே?"

பெரிதாக்கிப் பார்த்தேன். தோளில் சீவர ஆடையின் மடிப்பு இல்லை. உச்சியில் முடிச்சு இல்லை. நாகத்துக்கு ஏழு தலை, அதற்கும் மேலே உடைந்த முக்குடையின் அடிக்குடை தெரிகிறது. இரு பக்கமும் சாமரம் வீசுவோர். பார்சுவநாதர்! ஐந்து தலை என்றால் சுபார்சுவர் என்று யோசிக்க வேண்டும். ஏழுக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம். அன்றிரவே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வள்ளிமலை, கங்கர், பாணர், 1934இல் டி. என். இராமச்சந்திரன் திருப்பருத்திக்குன்றம் பற்றி எழும்பூர் வெளியீடாக எழுதிய நூல், எல்லாம் சேர்த்து.

மறுநாள் காலை போன். "மாமா, ரொம்ப நல்லா இருக்குது. இதை அறுபது வார்த்தையில குடுங்க."

"அறுபதா? பார்சுவநாதர் வம்சத்தைச் சொல்லவே பத்தாதேடா!"

"நாலு மொழி மாமா. தெலுங்கு, இங்கிலீஷ், இந்தி, தமிழ். பலகை ரெண்டடிக்கு ஒன்றரை அடி. எழுத்தைச் சின்னதாக்கினா கண்ணாடி போட்டவங்களால படிக்க முடியாது. நின்னுக்கிட்டுப் படிக்கிறாங்க, வெளியில பஸ் நிக்குது. அறுபதுக்கு மேல போனா ஒண்ணுமே படிக்க மாட்டாங்க."

வெட்டினேன். கங்கர் போனார்கள், பாணர் போனார்கள், இராமச்சந்திரனும் போனார். ஒரு வரியை மட்டும் விட மனம் வரவில்லை: ‘இவ்வூரில் சமணப் பள்ளி இருந்தது.’ அந்த வரிக்காகத்தானே இரவெல்லாம் எழுதினேன்! இந்தப் பக்கத்தில் இன்று எங்கள் மக்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். இங்கேயும் நாங்கள் இருந்தோம் என்று ஒரு பலகை சொன்னால் போதும் என்று இருந்தது.

அவன் விடவில்லை. "பள்ளி இருந்துதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"சிலை இருக்குதே."

"ஏரிக்கரையில கிடைச்சுது. வேற ஊர்ல இருந்து வண்டியில கொண்டாந்து போட்டிருக்கலாம். உங்க கடையில இருக்கிற பித்தளை எல்லாம் சித்தூர்லயா செஞ்சாங்க? கல்வெட்டு ஏதாவது இருக்குதா?"

இல்லை. பீடத்தில் எழுத்தில்லை. அருகில் செங்கல் அடித்தளம் எதையும் யாரும் தோண்டவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மற்றவர்கள் எழுதும் பலகையில் எல்லாம் ஆதாரம் கேட்கிறார்களா, நம் வீட்டுப் பையனே நம்மிடம் கேட்கிறானே என்று. இரண்டு நாள் அவன் போனை எடுக்கவில்லை. நூலில் எழுதினால் ‘இருந்திருக்கக்கூடும்’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். பலகையில் அந்த ‘கூடும்’ யார் கண்ணிலும் படாது என்று எனக்கே தெரியும். சாமவையின் வெள்ளித் திருமேனிக்கு இரண்டு ஆண்டுகள் போடுகிறார்களே என்று மற்றவர்களைக் குறை சொன்ன வாய் இது.

மூன்றாம் நாள் நான் அனுப்பியது இது:

‘பார்சுவநாதர். சமண சமயத்தின் 23ஆம் தீர்த்தங்கரர். மடியில் கைகளை வைத்துத் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். தலைக்குமேல் ஏழுதலை நாகம்; அதற்குமேல் முக்குடை, உடைந்துள்ளது. ஆடையின் மடிப்பு இல்லாததையும் முக்குடையையும் கொண்டு இவர் புத்தர் அல்லர் என அறியலாம். வேலைப்பாட்டைக் கொண்டு 10ஆம் நூற்றாண்டு எனக் கருதப்படுகிறது. ஏரிக்கரையில் கிடைத்தது. செய்வித்தவர் பெயர் பொறிக்கப்படவில்லை. முதலில் எங்கே இருந்தது எனத் தெரியவில்லை.’

"கடைசி ரெண்டு வரி இருக்கட்டும் மாமா, அதுதான் நிக்க வைக்கும்" என்றான். அது எனக்குப் பிடித்த பதில் அல்ல. ஆனாலும் இருக்கட்டும் என்றேன்.

அச்சுப் பிரதி வந்தபோது இன்னொரு தலைவலி. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து உடைந்துபோய், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றன. ‘கொண்டு’ என்பதைப் படிக்கவே முடியவில்லை. அச்சடிப்பவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு எல்லாம் கோடுகள்தான். என் மருமகன் இரவு பதினொரு மணிக்கு எழுத்துருவை மாற்றி மூன்று முறை அனுப்பினான். நான் மூன்று முறையும் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினேன். காட்சி அமைப்பாளருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், இதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன்.

திறப்பு விழாவுக்குப் போக முடியவில்லை. மாலை விழா, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவன் நான், நேரம் ஒத்துவரவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனேன். சிலையை நன்றாகத்தான் நிறுத்தியிருந்தார்கள். இடப்பக்கம் மேலிருந்து வெளிச்சம், இமைகள் தெரிந்தன. நாகத்தின் ஏழு தலைகளையும் எண்ண முடிந்தது. பலகையில் தெலுங்கு, இங்கிலீஷ், இந்தி. தமிழைக் காணோம். தேடினேன். கடைசி நேரத்தில் மேலே அறிவிப்பு ஒன்றுக்கு இடம் வேண்டியிருந்ததாம். தமிழைத் தனித் தகட்டில் அடித்துப் பீடத்தின் அடியில், முழங்கால் உயரத்தில் ஒட்டியிருந்தார்கள். புத்தர் அல்லர் என்ற வரி இருந்தது. கடைசி இரண்டு வரிகளும் இருந்தன.

படிப்பதற்காக ஒரு கையைப் பீடத்தில் ஊன்றி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தேன். பாஸ்டன் கோட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துத் திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. கூட வந்த சிறுமிக்கு எட்டு வயது இருக்கும். பலகை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். முக்குடை வரைக்கும் வந்து, "தாத்தா, முக்குடைன்னா என்னா?" என்றாள். நிமிர முடியாத நான் இருந்த நிலையிலேயே மேலே கையைக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்து, "ரெண்டு உடைஞ்சு போச்சே" என்றாள்.

பார்சுவநாதரில் ‘ர்’ போய் ‘ற்’ ஆகியிருந்தது. மருமகனிடம் சொல்லியிருக்கிறேன், பில் எல்லாம் முடிந்துவிட்டதாம், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்து தானே ஒட்டுவதாகச் சொன்னான்.